தண்டவாளத்துக்கு ஒரு மெத்தை

ஒரு பிளைவுட் பலகையின் மேல் பொம்மை ரயில் தண்டவாளத்தை அப்படியே வைத்து ஆணி அடித்து, ரயிலை ஓட்டிப் பாருங்கள். உள்ளங்கை நீளம்கூட இல்லாத இன்ஜின், காலி டிரம்மை மாடிப்படியில் உருட்டிவிட்டது போலச் சத்தம் போடும். இன்ஜினைக் குறை சொல்லிப் பயனில்லை. சத்தம் போடுவது பலகை. வீணைக் கம்பியை மட்டும் கழற்றிக் கையில் இழுத்துப் பிடித்து மீட்டினால் கொசு பாடுவது போலத்தான் கேட்கும். குடத்தோடு சேர்ந்தால்தான் கூடம் முழுக்கக் கேட்கும். இங்கே சக்கரமும் தண்டவாளமும் கம்பி, பலகை குடம். இரண்டுக்கும் நடுவில் மெத்தென்று ஏதாவது ஒன்றை வைத்துவிட்டால், அதிர்வு கீழே இறங்காமல் அங்கேயே அடங்கிவிடும்.

லிஃப்ட் மெக்கானிக்குக்கு இது தெரியாத சங்கதி இல்லை. மோட்டாருக்கு அடியில் ரப்பர் தேய்ந்துபோனால் மேல்மாடிக்காரர் முதலில் அவரைத்தான் திட்டுவார். இருந்தும் இந்த மெக்கானிக் தன் வீட்டில் தண்டவாளத்தை வெறும் பலகையில் ஆணி அடித்துத்தான் பதித்திருந்தார். அவசரம் அப்படி.

அவர் மனைவி பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தவர். வேன் பிள்ளைகள் 'டிரைவரம்மா' என்று கூப்பிட, நாளடைவில் வீட்டிலும் அந்தப் பெயரே நிலைத்தது. போன வருடம் ஒரு நாள், பக்கத்தில் வந்த சைக்கிளை அவர் கடைசி நொடியில்தான் பார்த்தார். யாருக்கும் அடி இல்லை. ஆனால் மறுநாளே தானாகக் கண் டாக்டரிடம் போனார். "நேரா பாக்குறது நல்லாத் தெரியும்மா. ஓரந்தான் கொஞ்சம் கொஞ்சமா மூடிக்கிட்டு வருது" என்றார் டாக்டர். வளையலுக்குள் கண்ணை வைத்துப் பார்ப்பது போல. வளையல் சிறிதாகிக்கொண்டே போகும். எவ்வளவு வேகமாக என்று சொல்ல முடியாது.

அன்று சாயங்காலம் டிரைவரம்மா பள்ளிக்கூட மேனேஜர் மேசையில் வேன் சாவியை வைத்தார். வீசவில்லை, போடவில்லை. சத்தமே வராமல், தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் இறக்குவது போல வைத்தார். பக்கத்தில் நின்ற மெக்கானிக்குக்கு அந்தச் சத்தமின்மை இன்னும் காதுக்குள் இருக்கிறது.

அதன் பிறகு இரண்டு வாரம் அவர் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. ஒரு நாள், "ஏதாவது ஓட்டாம கை நமநமங்குது" என்றார். மெக்கானிக் அடுத்த ஞாயிற்றுக்கிழமை யாரோ விற்ற பழைய பொம்மை ரயில் செட் ஒன்றை வாங்கிவந்து, சின்ன அறையில் இரண்டு பலகைகளை இணைத்துப் போட்டு, மளமளவென்று ஆணி அடித்துவிட்டார். முன்பக்கம் ஸ்டேஷன், இடது பக்கம் ஒரு வளைவு, பின்பக்கச் சுவரை ஒட்டி நீளமான நேர்ப்பாதை, வலது மூலையில் அட்டையில் செய்த மலை, அதற்குள் குகை. குகையை விட்டு வெளியே வந்தால் மறுபடி ஸ்டேஷன்.

தண்டவாளம் போடுவது அவர் வேலை. ஓட்டுவது டிரைவரம்மா வேலை. மெக்கானிக் தப்பித் தவறி வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற கண்ட்ரோலரைத் தொட்டால், "லைசென்ஸ் இருக்கா?" என்று குரல் வரும். ஓட்டுவது என்றால் சும்மா சுற்றவிடுவது அல்ல. முதல் பெட்டியின் கதவு பிளாட்பார விளக்குக் கம்பத்துக்கு நேராக வந்து நிற்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அப்படித்தான் நிற்கும். "பிள்ளைங்க இறங்குற இடத்துல பள்ளம் கிள்ளம் இருக்கக் கூடாதுல்ல" என்பார்.

கொஞ்ச நாளாக மெக்கானிக் ஒன்றைக் கவனித்துவந்தார். ரயில் ஓடத் தொடங்கியதும் டிரைவரம்மாவின் புருவம் நெரிந்துகொள்ளும். கண்ணை இறுக்கி மூடுவார். தலை ஒரு பக்கமாகச் சாயும்.

"தலை வலிக்குதா?"

"ஒண்ணுமில்ல. ஓட்டும்போது பேச்சுக் குடுக்காதீங்க."

ஒண்ணுமில்ல என்று சொன்னால் ஏதோ இருக்கிறது என்றுதான் அர்த்தம். கல்யாணமான எந்த ஆணுக்கும் அது தெரியும். இந்த டமடமச் சத்தந்தான் மண்டைக்குள் இடிக்கிறது, தன் மனம் நோகக் கூடாதென்று பொறுத்துக்கொள்கிறாள் என்று மெக்கானிக் முடிவு கட்டினார். அந்த நேரம் பார்த்து டிரைவரம்மாவின் அக்கா வீட்டில் பெயிண்ட் வேலை வந்தது. அக்காவுக்குத் துணையாக அவர் கிளம்பினார். பஸ் கண்ணை விட்டு மறைந்ததும் மெக்கானிக் நேராக மச்சினனின் சோபாக் கடைக்குப் போனார்.

மச்சினன் டிரைவரம்மாவின் தம்பி. ஊரில் பாதிப் பேர் உட்காருவது அவன் தைத்த மெத்தையில்தான் என்பது அவன் கணக்கு.

"தண்டவாளத்துக்கு மெத்தையா? ஏன் மாமா, ரயிலுக்கு முதுகு வலியா?"

"கிண்டல் பண்ணாத மாப்ள. உங்க அக்காவுக்குத் தலைவலி."

அக்கா என்றதும் அவன் கிண்டலை ஓரமாக வைத்துவிட்டு இரண்டு துண்டுகளை மேசைமேல் போட்டான். ஒன்று கார்க் தாள். நோட்டீஸ் போர்டில் ஒட்டுவார்களே, அது. இன்னொன்று சாம்பல் நிற ஃபோம்.

இரண்டுக்கும் தனித்தனி குணம் உண்டு. கார்க் என்பது மரப்பட்டை. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத லட்சக்கணக்கான காற்றறைகள். அதிர்வை அவை விழுங்கும். ஆனால் தண்டவாளம் அமுங்காது. சத்தத்தை முழுக்கத் தின்னாமல் கொஞ்சம் மிச்சம் வைக்கும். ஃபோம் அப்படி இல்லை, துப்புரவாகத் துடைத்துவிடும். ரொம்ப மெத்தென்ற ஃபோமாக இருந்தால் இன்ஜின் ஏறும்போது தண்டவாளம் தாழ்ந்து, இணைப்புகள் ஆடிப்போய், கரண்ட் விட்டு விட்டு வரும். அதனால் அழுத்தினால் உடனே எழும்பி நிற்கிற கெட்டி ஃபோமாகப் பார்க்க வேண்டும்.

"இதப் போடுங்க. பூனை நடந்தாக்கூட இதைவிடச் சத்தம் கேக்கும்" என்று மச்சினன் கெட்டி ஃபோமைத் தட்டினான்.

இரண்டு பேரும் தண்டவாளத்தை முழுசாகப் பெயர்த்தார்கள். அதற்கு முன்பே பலகையில் அதன் நடுக்கோட்டைப் பென்சிலால் குறித்துக்கொண்டார்கள். இல்லாவிட்டால் திரும்பப் போடும்போது வளைவு வேறு எங்கோ போய் நிற்கும். ஃபோமைப் பட்டைகளாக அறுத்தார்கள். மச்சினன் ஒரு பட்டையை அப்படியே வளைவில் வளைக்கப் பார்த்தான். உள் ஓரம் பாவாடைக் கொசுவம் போல மடிந்து எழும்பியது.

"துணி தைக்கிறவன், உனக்கே தெரியலயா? வளைவுல வெளி ஓரம் போற தூரம் ஜாஸ்தி, உள் ஓரம் கம்மி. நடுவுல நீளவாக்குல கிழி. ரெண்டு பாதியையும் தனித்தனியா வளைச்சு, பென்சில் கோட்டுக்கு ரெண்டு பக்கமும் ஒட்டு."

கிழித்ததும் அது பாம்பு போல வளைந்து படுத்துக்கொண்டது. பசை விஷயத்தில் மெக்கானிக் கறாராக இருந்தார். தச்சர்களின் வெள்ளைப் பசை காய்ந்தால் கல்லாகிவிடும்; கல்லான பசை சத்தத்துக்குப் பாலம் போட்டுக் கொடுக்கும். அப்புறம் மெத்தை இருந்தும் பயனில்லை. காய்ந்த பிறகும் ரப்பர் போல இளகி நிற்கிற பசைதான் சரி. ஆணியும் அதே கதைதான். மெத்தையைத் துளைத்துப் பலகையைத் தொடுகிற ஒவ்வோர் ஆணியும், மூடிய கதவில் ஒரு சாவித் துவாரம். பசை பிடிக்கும்வரை குண்டூசி குத்தி, மேலே கனமான புத்தகங்களையும் பெயிண்ட் டப்பாக்களையும் அடுக்கி, பிறகு ஊசிகளை எல்லாம் ஒன்று விடாமல் பிடுங்கினார்கள்.

அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. பின்பக்க நேர்ப்பாதையில், இரண்டு பலகைகளும் சேருகிற இடத்தில் ஓர் இடைவெளி இருந்தது. ரயில் அதைத் தாண்டும்போதெல்லாம் 'தொம்' என்று கேட்கும். மெக்கானிக் அதை அடைத்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். குகை வாசலில் ஒரு தண்டவாள இணைப்பு தூக்கிக்கொண்டு 'டக்' என்று அடிக்கும். அதையும் சமன் செய்தார். அவர் கண்ணுக்கு எல்லாமே பழுதாகத்தான் தெரிந்தது.

டிரைவரம்மா ஊரிலிருந்து வந்த காலை, மெக்கானிக் காபிகூடக் குடிக்கவிடாமல் அவரைச் சின்ன அறைக்குக் கூட்டிப்போனார். மச்சினனும் கடையைத் திறக்காமல் வந்து நின்றான்.

"ஓட்டிப் பாரு டிரைவரம்மா."

டிரைவரம்மா கண்ட்ரோலரின் குமிழைத் திருப்பினார். ரயில் கிளம்பியது. ஒரு சத்தம் இல்லை. வெண்ணெயில் கத்தி போவது போலப் போயிற்று. மச்சினன் மாமாவைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினான்.

டிரைவரம்மா வழக்கம்போலக் கண்ணை மூடினார். தலையைச் சாய்த்தார். பிறகு கண்ணைத் திறந்தார். ரயிலைத் தேடினார். முகத்தை இடமும் வலமும் திருப்பித் திருப்பித் தேடினார். ரயில் அதற்குள் குகைக்குள் நுழைந்துவிட்டிருந்தது. அவர் பின்பக்க நேர்ப்பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அது வெளியே வந்து, விளக்குக் கம்பத்தைத் தாண்டி, ஸ்டேஷனையே தாண்டிப் போயிற்று. சட்டென்று நிறுத்தினார். மறுபடி கிளப்பினார். இந்த முறை ரயில் குகைக்குள்ளேயே நின்றுவிட்டது. மூன்றாவது முறை வேகம் கூடிப்போய், வளைவில் இன்ஜின் கவிழ்ந்து ஃபோமின் மேல் பக்கவாட்டில் படுத்தது. அதற்கும் சத்தம் வரவில்லை.

"ரொம்ப நல்லாப் போட்டிருக்கீங்க" என்றார் டிரைவரம்மா. "இனிமே நீங்களே ஓட்டுங்க."

கண்ட்ரோலரை மேசையில் வைத்தார். வீசவில்லை, போடவில்லை. சத்தமே வராமல் வைத்தார்.

இந்தச் சத்தமின்மையை மெக்கானிக் முன்பே ஒரு முறை கேட்டிருக்கிறார். சமையலறைக்குப் போன மனைவியின் பின்னாலேயே போனார்.

"நீ பாத்து ஓட்டல, இல்ல? இவ்வளவு நாளும்."

டிரைவரம்மா பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "ஓடுற பொருளு எனக்குக் கண்ணுக்குள்ள நிக்க மாட்டேங்குது. ஒரு நொடி இங்க இருக்கு, அடுத்த நொடி இல்ல. காதுலதான் ஓட்டிக்கிட்டிருந்தேன். தொம்னா பின்பக்கம் தாண்டியாச்சு. டக்னா குகை வாசல். டக்குக்கு அப்புறம் குமிழக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சா விளக்குக்கிட்ட வந்து நிக்கும்."

"கண்ண மூடி, மூஞ்சியச் சுளிச்சுக்கிட்டு..."

"கேட்டுக்கிட்டிருந்தேங்க."

"நான் தலைவலின்னு நெனச்சேன்."

"என் மூஞ்சி அவ்வளவு கேவலமாவா இருந்துச்சு?"

சிரிப்பு வரவேண்டிய இடம். இரண்டு பேருக்கும் வரவில்லை.

"ஏன் சொல்லல?"

"சொன்னா, பாவம் கண்ணு தெரியலன்னு நீங்க பக்கத்துல வந்து நின்னுக்குவீங்க. 'இப்ப நிறுத்து, இப்ப கிளப்பு'ன்னு சொல்லுவீங்க. அப்புறம் ஓட்டுறது நானா, நீங்களா?" குழாயை மூடினார். "வேன்தான் போச்சு. இதாவது நானா ஓட்டணும்னு இருந்துச்சு."

கூடத்திலிருந்து மச்சினன் எட்டிப் பார்த்தான். "மாமா, நம்ம வேலை இவ்வளவு சுத்தமா வந்திருக்க வேணாம்."

"நீ சும்மா இருடா" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

மெக்கானிக் ஈரக் கையோடு நின்ற மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். அடைத்த இடைவெளியை மறுபடி பெயர்த்துவிடலாம். சமன் செய்த இணைப்பை மறுபடி தூக்கிவிடலாம். ஆனால் பழைய தொம்மும் டக்கும் தற்செயலாக வந்தவை. தற்செயலை நம்பி ஒரு டிரைவர் எத்தனை நாள் ஓட்டுவது?

"டிரைவரம்மா, எந்த இடத்துல என்ன கேக்கணும்னு நீ சொல்லு. நான் அதைப் போட்டுத் தரேன்."

"இப்ப போட்டதையெல்லாம் பிச்சு எறிவீங்களா?"

"பிச்சிருவேன்."

டிரைவரம்மா கையைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் ஒரு நீளமான பலகையைச் சாய்த்து வைத்தார்கள். அதில் கார்க், ஃபோம், பழைய ரப்பர் மிதியடி, கம்பளித் துணி, வெறும் மரச்சட்டம் ஆகியவற்றை அடுத்தடுத்து ஒட்டி, மேலே ஒரே தண்டவாளத்தைப் போட்டார்கள். மச்சினன் மேலிருந்து ஒற்றைப் பெட்டியை உருட்டிவிட வேண்டும். டிரைவரம்மா முதுகைக் காட்டி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இது... செருப்புப் போட்டுக்கிட்டு யாரோ நடக்குறாங்க." அது கார்க்.

"இப்ப ஆளே இல்ல." ஃபோம்.

"வாயப் பொத்திக்கிட்டுப் பேசுறாங்க." ரப்பர்.

"போர்வைக்குள்ள இருமுது." கம்பளி. மச்சினன் சிரித்ததில் பெட்டி பாதியில் கவிழ்ந்தது.

"டேய், ஒழுங்கா உருட்டு. பொறந்ததுலேர்ந்து ஒரு வேலைய முழுசாச் செஞ்சதில்ல."

மறுபடி உருட்டினான். வெறும் மரச்சட்டத்தில் பெட்டி தடதடவென்று இறங்கியது. "ஆங்! இது தகரக் கூரையில மழை" என்று டிரைவரம்மா நிமிர்ந்தார். முகத்தில் பழைய வெளிச்சம் வந்திருந்தது.

ரப்பரும் கம்பளியும் ஒன்றுக்கொன்று குழப்பும் என்று அவரே தள்ளினார். வளைவுக்குக் கார்க் கேட்டார். பின்பக்க நேர்ப்பாதையில் ஃபோம் அப்படியே இருக்கட்டும் என்றார். மச்சினனுக்கு உயிர் வந்தது. "ஒண்ணுமே கேக்கலன்னா பின்பக்கம் போகுதுன்னு அர்த்தம். அமைதியும் ஒரு இடந்தானே." குகைக்கு வெறும் மரம். அதுவும் போதவில்லை என்றதும் மெக்கானிக் பலகைக்கு அடியில், குகைக்கு நேர் கீழே, ஒரு காலி பிஸ்கட் டின்னைத் திருகி மாட்டினார். குடம் இல்லாத வீணைக்குக் குடம் கிடைத்தது.

"ஸ்டேஷனுக்கு முன்னாடி?"

டிரைவரம்மா யோசித்தார். "ஸ்கூல் வர்றதுக்கு முன்னாடி ரோட்டுல வரி வரியா மேடு போட்டிருப்பாங்கல்ல? டயர் டுர்ர்னு சொல்லும். கால் தானா பிரேக்குக்குப் போகும். அது வேணும்."

அதைச் செய்வதுதான் பாடாகிவிட்டது. மெக்கானிக் மரச்சட்டத்தையும் கார்க்கையும் விரல் அகலத் துண்டுகளாக நறுக்கி, ஒன்று மாற்றி ஒன்று ஒட்டினார். ரயில் அதன்மேல் தடு-புது-தடு-புது என்று போக வேண்டும். ஆனால் கார்க் மூன்று மில்லிமீட்டர், ஃபோம் ஐந்து, மரம் நான்கு. உயரம் மாறினால் இன்ஜின் ஆட்டுக்குட்டி போலத் துள்ளும். தாழ்ந்த இடங்களுக்கெல்லாம் அட்டைப் பெட்டியைக் கிழித்துத் தாள் தாளாக அண்டை கொடுத்தார். ஒரு பொருள் முடிந்து இன்னொன்று தொடங்கும் இடத்தில் விரல் நுனியால் தடவிப் பார்த்தார். நகம் தட்டினால் உப்புத்தாள். டிரைவரம்மாவும் தடவினார். அவர் விரல் கூடுதல் கறார். இவர் சரி என்ற இரண்டு இடங்களை அவர், "இங்க ஒரு படி இருக்கு" என்று மறுபடி தேய்க்கவைத்தார்.

தண்டவாளம் படுத்து, பசை காய்ந்து, ஊசிகளைப் பிடுங்கிய பிற்பகலில் டிரைவரம்மா மேசை முன் உட்கார்ந்தார். மெக்கானிக் பக்கத்தில் போய் நிற்கவில்லை. வாசற்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். மச்சினனின் சட்டைக் காலரைப் பிடித்து அவனையும் அங்கேயே நிறுத்தினார்.

கண்கள் மூடின. புருவம் நெரிந்தது. தலை சாய்ந்தது. தலைவலிக்காரி போலத்தான் இருந்தது அந்த முகம். இப்போது மெக்கானிக்குக் கண்ணை எடுக்க மனம் வரவில்லை.

செருப்புக் காலோடு யாரோ வளைவைச் சுற்றி நடந்தார்கள். பிறகு ஆளே இல்லை. அந்த அமைதி நீண்டது. தகரக் கூரையில் மழை கொட்டி நின்றது. அடுத்து டுர்ர்ர் என்றது. டிரைவரம்மாவின் வலது பாதம் தரையில் தானாக அழுந்தியது. அங்கே பிரேக் எதுவும் இல்லை. விரல்கள் குமிழைக் குறைத்தன. ரயில் பதமாக வந்து நின்றது.

"நேரா நிக்குதா?" கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

முதல் பெட்டியின் கதவு விளக்குக் கம்பத்தைத் தாண்டி ஒரு விரற்கடை முன்னால் இருந்தது. மச்சினன், "ஆமாக்கா, அப்படியே..." என்று வாயெடுத்தான். மெக்கானிக் அவன் காலை மிதித்தார்.

"இல்ல டிரைவரம்மா. ஒரு விரற்கடை தாண்டிடுச்சு."

டிரைவரம்மா ரயிலைக் கிளப்பினார். இன்னொரு சுற்று. அதே விரற்கடை. இன்னொரு சுற்று. மயிரிழை மாறாமல் மறுபடி அதே இடம். கண்ணைத் திறந்து, குனிந்து, கதவையும் கம்பத்தையும் தன் வளையலுக்குள் கொண்டுவந்து பார்த்தார். கண்ட்ரோலரைக் கீழே வைக்கவில்லை.

"டிரைவர் சரியாத்தான் நிறுத்துறா" என்றார். "ஸ்டேஷனத் தள்ளி வைங்க."

மெக்கானிக் உள்ளே வந்தார். ஸ்டேஷனை இரண்டு கையாலும் பிடித்து, கம்பத்தோடு, பெஞ்சோடு, காத்திருந்த பொம்மைப் பயணிகளோடு ஒரு விரற்கடை நகர்த்தினார். இதற்கு மட்டும் தச்சர்களின் வெள்ளைப் பசையைத் தேடி எடுத்தார்; காய்ந்தால் கல்லாகும் அந்தப் பசையை.